நாக்குக்கடியில் ஒரு பொத்தான்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் திடமாக இருக்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்றுதான் இருக்கவா போகவா என்று ஆடிக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அத்தானுக்குப் புதுக் கால் பழகிவிட்டதா? முட்டிக்குக் கீழே உரசிப் புண்ணாகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் விசாரித்ததாகச் சொல்.

உன்னிடம் ஒரு சேதியும் சொல்ல வேண்டும், ஒரு உதவியும் கேட்க வேண்டும். முதலில் சேதி.

இங்கே ஜெயிலுக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் ஏழு நாள் தனியாக அட்மிஷன் பிளாக்கில் வைப்பார்கள். அந்த ஏழு நாள்தான் கொடுமை. வெளியே என்ன ஆச்சு, உள்ளே என்ன ஆகும், ஒன்றும் தெரியாமல் மனுஷன் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பான். போன வருஷம் ஒருவர் நான்காம் நாளே உயிரை விட்டுவிட்டார். அதிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். புதிதாக வருகிறவரோடு தினமும் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் எங்களில் ஒருவர் போய் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று மனு எழுதினேன். பதினோரு மனு எழுதினேன். பன்னிரண்டாவதற்கு சூப்பிரண்டு ஐயா கூப்பிட்டார். "யோவ், உன் மனுவப் படிச்சுப் படிச்சு எனக்குக் கனவுல கூட உன் கையெழுத்துதான் வருது. ஆறு மாசம் ட்ரையல். செஞ்சு காட்டு" என்றார்.

நாங்கள் ஏழு பேர், ஏழு பேரும் கைதிகள்தான். வார்டர் வெளியே நிற்பார், உள்ளே உட்கார்வது நாங்கள். எங்களில் ஒருவருக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று உனக்கே புரியும். அவரை வாய் மூடிக் கேட்க வைப்பதுதான் எனக்கு முதல் வேலை.

இப்போது உதவி. ஜூன் 30-க்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் போக வேண்டும். எங்களால் பாதிக்கப்பட்டவர் "இவர் இந்தப் பொறுப்பில் இருக்க எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாத பேர் ஒன்று இருந்தாலும் ஃபைல் மேலே போகாது என்று ஐயா சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கையெழுத்து அத்தானுடையது. நான் ஓட்டிய வண்டியில் போனது அவருடைய கால் அல்லவா. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவருக்கு மனசு வந்தால் போடட்டும்.

உன் தம்பி.


ஜனவரி 27

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். ஆடுகிற பல்லைப் பிடுங்கிப் போடு, வைத்துக்கொண்டு அழகு பார்க்காதே. இதைப் படித்து முத்திரை குத்தும் ஐயாவுக்கும் வணக்கம். போன முறை முத்திரையை இவன் கையெழுத்தின் மேலேயே குத்திவிட்டீர்கள், கொஞ்சம் தள்ளிக் குத்துங்கள்.

உன் அத்தான் இப்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்து டைல்ஸ் ஒட்ட முடியாது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து மற்ற கொத்தனார்களுக்கு வெட்டிக் கொடுக்கிறார். மூலைக்கு மூலை அளவெடுத்துக் கொண்டுவந்து தருகிறார்கள், வெண்ணெய் மாதிரி வெட்டித் தருகிறார். வீடு முழுக்க வெள்ளைத் தூசி. எனக்குக் கம்பெனியில் அதே பொத்தான் டேபிள்தான். ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை கையைத் தாண்டிப் போகிறது. எந்தப் பொத்தான் ஆடுகிறதோ அதில் சிவப்பு நூல் கட்டி ஓரம் தள்ளுகிறேன்.

நீ உட்கார்ந்து கேட்கப் போகிறாயா? சிரிப்புத்தான் வந்தது. சின்ன வயசில் ஒரு வேலை சொல்லி வாய் மூடுவதற்குள் தெருமுனையில் இருப்பாய். ஓடுவதில் உன்னை அடிக்க ஆளே கிடையாது.

படிவம் வந்தது. அவரிடம் கொடுத்தேன். யோசிக்கிறார்.

அக்கா.


பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

பல் போய்விட்டது, நிம்மதி. உனக்குத் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? அத்தான் யோசிக்கிறார் என்றாயே, யோசிக்கட்டும். முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லாமல் யோசிக்கிறாரே, அதுவே எனக்குப் பெரிசு.

வேலை சூடு பிடித்துவிட்டது. எங்களுக்கே தெரியாத பல விஷயம் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. முதலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ஒருத்தரும் வாயே திறக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, இங்கே வருகிற எல்லோரையும் யாரோ ஒருத்தர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து குடைந்திருக்கிறார்கள். இப்போது பக்கத்தில் உட்காருகிறோம். ரெண்டு பேரும் சுவரைப் பார்க்கிறோம். மூன்றே சட்டம். என்ன கேஸ் என்று கேட்கக் கூடாது. அறிவுரை சொல்லக் கூடாது. "ம்", "அப்புறம்" இந்த ரெண்டு சொல்லைத் தவிர வேறு பேசக் கூடாது.

ரேடியோவுக்கு மூன்றாவது சட்டம் தூக்கு தண்டனை மாதிரி. ஒருவர் "என் வீட்டுக்காரி" என்று ஆரம்பித்தால் போதும், இவர் தன் வீட்டுக்காரி புராணத்தை எடுத்துவிடுவார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தன் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்து நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு போனார். அற்புதமாக வேலை செய்தது. பேச வாயெடுத்தால் பொத்தான் இடறும், உடனே நினைப்பு வந்துவிடும். மூன்றாவது நாள் பக்கத்தில் இருந்தவர் ஏதோ சிரிப்பாகச் சொல்ல, இவர் சிரிக்க, பொத்தான் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரி வார்டில், "ரெண்டு வாழைப்பழம் சாப்பிடு, போன வழியில போகட்டும்" என்றார்கள். ரெண்டு நாள் ஜெயில் முழுக்க, சூப்பிரண்டு ஐயா உட்பட, "பொத்தான் வந்துச்சா?" என்று விசாரித்தார்கள். வந்தது. இப்போது நாங்கள் ஏழு பேருமே பொத்தான் வைத்துக்கொள்கிறோம். உன் டேபிளில் விழுங்க முடியாத அளவில் ஏழு கிடைக்குமா?

பெயர் வைப்பதில்தான் சண்டை. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவர் சொன்ன பெயரை எழுதப் பலகை பத்தாது. நான் "பேச்சுத் துணை" என்றேன். சட்டென்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நீல பெயின்டில் எழுதி மாட்டியிருக்கிறோம். நன்றாக இருக்கிறதா, அக்கா? எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, வாயில் வந்து விழுந்தது.

உன் தம்பி.


மார்ச் 24

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத நாள் ஆகிவிட்டது, கம்பெனியில் ஓவர்டைம். எல்லோரும் நலம்.

பெயர் நன்றாக இருக்கிறது.

பொத்தான் கம்பெனிச் சொத்து. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அனுப்ப முடியாது.

அத்தான் யோசிக்கிறார்.

அக்கா.


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

ரெண்டு மாசம் கழித்து உன் எழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள். ஓவர்டைம் ஓவர்டைம் என்று ஓடினால் அத்தானை யார் பார்ப்பது?

இங்கே போன வாரம் ஒரு சமையல்காரர் வந்தார். ஆயிரம் பேருக்குச் சமைத்த கை. வந்த நாளிலிருந்து ஒரு கவளம் தொடவில்லை. தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. ரேடியோவை அனுப்பினேன். எல்லோரும் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்கள். நாலு நாள், எட்டு மணி நேரம், ரேடியோ பொத்தானோடு உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் சமையல்காரர் வாயைத் திறந்து, "இந்தச் சாப்பாட்ட எவன் ஆக்குறான்? அவன் கையில கரண்டியக் குடுத்தவன முதல்ல உள்ள போடணும்" என்றார். ரேடியோ கண்ணில் தண்ணீரோடு "அப்புறம்?" என்றாராம். அன்றைக்குச் சாயங்காலம் சமையல்காரர் சாப்பிட்டார், ஒவ்வொரு வாய்க்கும் திட்டிக்கொண்டே.

ஐந்து பேருக்குப் படிவம் வந்துவிட்டது. அதில் ஒன்று கண்ணை இழந்த ஒருவருடையது, விரல் ரேகை வைத்து அனுப்பியிருக்கிறார்.

அத்தானை நெருக்காதே, அக்கா. இதமாகப் பேசு. கோபப்பட்டால் எதிர்த்துப் பேசாதே. கால் பொருத்துகிற இடத்தில் பவுடர் போட்டுவிடு, வியர்வை தங்கவிடாதே. அவர் தனியாக உட்கார்ந்து எதையாவது நினைத்துக்கொண்டே இருப்பார், பேச்சுக் கொடு. அவர் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். உனக்கென்ன, நீ கல்லு மாதிரி, எதையும் தாங்குவாய். அவர்தான் பாவம்.

உன் தம்பி.


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதில் இல்லை. கடிதம் வழியில் தொலைந்ததோ என்று முத்திரை ஐயாவைக் கேட்டேன். "போறது எல்லாம் போகுதுப்பா, வர்றதுதான் வரல" என்றார்.

ஆறு படிவம் சேர்ந்துவிட்டது. பாக்கி என்னுடையது ஒன்றுதான். இதுவரை நாற்பத்தியொரு பேரோடு உட்கார்ந்திருக்கிறோம், அக்கா. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சூப்பிரண்டு ஐயா ரவுண்டு வரும்போது பலகையைப் பார்த்துவிட்டு, "ஜூன் முப்பது, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போகிறார். மற்ற ஆறு பேர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் சங்கடப்படுவேனாம்.

இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். அத்தானுக்கு என்று தனியாக ஒரு தாளும் இருக்கிறது. "அத்தான், என்னை மன்னித்துவிடுங்கள்" என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன். இரண்டரை வருஷமாக எழுதுவதுதான். இருந்தாலும் படித்துக் காட்டு.

வருகிற சனிக்கிழமை பார்க்க வரலாமே, அக்கா. பஸ் மாறி வர வேண்டும், லீவு கிடைக்காது, எல்லாம் தெரியும். சும்மா சொன்னேன்.

உன் தம்பி.


மே 12

தம்பிக்கு,

அவர் நலம். நானும் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

யோசிக்கிறார் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

வேறு ஒன்றும் இல்லை.

அக்கா.


மே 18

அக்கா,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன். ரேடியோ என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன். பொத்தானைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அண்ணே, 'வேற ஒண்ணும் இல்ல'ன்னு எத்தனை பேர் நம்ம பக்கத்துல உக்காந்து சொல்லியிருக்காங்க? அப்ப நீங்க என்ன சொல்லுவீங்க?"

நான் உனக்கு எழுதியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஊரில் இருக்கிற எல்லோர் கதையும் எழுதியிருக்கிறேன். அத்தானை நூறு தடவை விசாரித்திருக்கிறேன். உனக்கு அறிவுரைதான் சொல்லியிருக்கிறேன். இங்கே எனக்கு அப்படி ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருந்தால் முதல் நாளே எழுந்து போகச் சொல்லியிருப்பேன்.

படிவத்தைப் பற்றி இனிப் பேச்சு இல்லை. இதோடு நாலு வெள்ளைத் தாளும், என் விலாசம் எழுதிய உறையும் இருக்கின்றன. நான் இப்போது பொத்தான் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்புறம்?


ஜூன் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நாலு தாள் போதுமா என்று பார்ப்போம். முத்திரை ஐயா, நீங்கள் படித்தாலும் பரவாயில்லை.

கையெழுத்து ஜனவரியிலேயே போட்டாயிற்று. படிவத்தை நீட்டினேன், டம்ளரில் இருந்த டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டார். "இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பேப்பரு?" என்றார். அன்றிலிருந்து அது என் அலமாரியில் புடவைக்கடியில் இருக்கிறது. யோசிப்பது அவர் இல்லை, நான். அஞ்சு மாசமாக உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். தினமும் கம்பெனிக்குக் கிளம்பும்போது அதை எடுத்துப் பையில் வைப்பேன். தபால் பெட்டியைத் தாண்டிப் போவேன். சாயங்காலம் திரும்ப வந்து புடவைக்கடியில் வைப்பேன்.

பேச்சுத் துணை என்று பெயர் வைத்தாயே. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்று வேறு எழுதினாய். எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லட்டுமா? அன்றைக்குச் சாயங்காலம் நம் வீட்டு வாசலில் என் வாயிலிருந்து வந்தது. ரெண்டு நாள் தூங்காத கண்ணோடு நீ சாவியை எடுத்தாய். உன் வாயில் வாடை அடித்தது. எனக்குத் தெரிந்தது. சாவியைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த மனுஷனிடம், "நீங்களும் கூடப் போயிட்டு வாங்க, பேச்சுத் துணைக்கு. பேசிக்கிட்டே இருந்தா அவன் தூங்க மாட்டான்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு சிரித்தபடி ஏறினார். ரெண்டு செருப்பு. அந்தச் சொல்லைத்தான் நீ பலகையில் எழுதி மாட்டியிருக்கிறாய்.

இன்னொன்று. இதை நான் கோர்ட்டில் சொல்லவில்லை, உனக்குச் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. வண்டி கவிழ்ந்ததும் நீ ஓடிவிட்டாய். வண்டிக்கடியில் அவரைப் போட்டுவிட்டு ஓடினாய். ரெண்டு மணி நேரம் கழித்து வேறு யாரோ பார்த்துத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னிடம் சொன்னார்: "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா கால எடுக்க வேண்டி இருந்திருக்காது."

வண்டி கவிழ்ந்தது விபத்து. கால் போனது நீ ஓடியதால். இது தெரியாமல் அவர் உன்னை மன்னித்துவிட்டார். தெரிந்த நான் என்ன செய்ய, சொல்? அவரிடம் சொன்னால் அவர் நிம்மதி போய்விடும். சொல்லாமல் அந்தக் கையெழுத்தைத் தபாலில் போட்டால் அவரை ஏமாற்றியவள் ஆகிறேன். எழுநூறு சட்டையில் ஆடுகிற பொத்தானைக் கண்டுபிடிக்கிறேன், இந்த ஒன்றை வைத்துக்கொண்டு முழிக்கிறேன்.

நான் கல்லு மாதிரி என்றாயே. எந்தக் கல்லடா மூன்று வருஷம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழும்? அத்தானிடம் எத்தனை மன்னிப்பு கேட்டாய்! என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாயா? உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். உன்னை நம்பி அவரை ஏற்றிவிட்டவள் நான். எனக்கு என்ன போச்சு என்று ஒரு வரி கேட்டாயா? அவர் பக்கத்து டீக்கடைக்கு நடந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. நான் சத்தமாகச் சிரித்தும் அதே அளவு நாள் ஆகிறது. உன்னைப் பார்க்க வராததற்கு பஸ் காரணம் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் கை நீட்டிவிடுவேனோ என்று பயம். அடிக்கவா, தடவிக் கொடுக்கவா என்றுகூடத் தெரியவில்லை.

தாள் தீர்ந்துவிட்டது.


ஜூன் 10

அக்கா,

உன் கடிதத்தை முத்திரை ஐயா உறையில் போட்டு மூடி, கையில் கொண்டுவந்து கொடுத்தார். "முதல் வரியோட நிறுத்திட்டேன்" என்றார். முத்திரை குத்தவில்லை.

ஓடினேன். அதை நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை, நீயும் கேட்டதில்லை. கேட்காதவரை தப்பித்தேன் என்று இருந்தேன். அத்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அக்கா. திட்டவில்லை. "அடிபட்டுச்சாடா உனக்கு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே ஓடினேன். ரெண்டு நாள் கழித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

போன வருஷம் அட்மிஷன் பிளாக்கில் ஒருவர் இறந்தார் என்று எழுதினேனே. அப்போது எனக்கு அந்த பிளாக்கில் பெருக்குகிற வேலை. மத்தியானம் லாக்கப் போட்டிருந்தார்கள், நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் வந்தது. நான் இருந்தேன். புரண்டு படுத்துக்கொண்டேன். சாயங்காலம் கதவைத் திறந்தபோது அவர் இல்லை. பன்னிரண்டு மனு நல்லவன் எழுதியது இல்லை, அக்கா. ரெண்டு பேர் கூப்பிட்டும் போகாதவன் எழுதியது.

அத்தான் கால் போனது நீ ஏற்றிவிட்டதால் இல்லை. நான் குடித்ததால் வண்டி கவிழ்ந்தது, நான் ஓடியதால் கால் போனது. இதில் உன் பங்கு என்று ஒரு நூல்கூட இல்லை. என்னை மன்னித்துவிடு என்று இப்போது கேட்கிறேன், உன்னிடம். மன்னிக்க வேண்டும் என்று இல்லை. கேட்கவே இல்லை என்றாயே, அதற்காகக் கேட்கிறேன்.

கையெழுத்து உன்னிடமே இருக்கட்டும். நேற்று சூப்பிரண்டு ஐயாவைப் பார்த்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். ஆறு படிவத்தோடு ஃபைல் போகட்டும், மூடிவிட மட்டும் வேண்டாம் என்றேன். "ஆரம்பிச்சவனே இல்லாம என்னய்யா?" என்றார். ரேடியோ பார்த்துக்கொள்வார், நான் பிளாக்கைப் பெருக்கிக்கொண்டு கூடவே இருப்பேன் என்றேன். "முப்பதாம் தேதி வரைக்கும் உன் பேரு ஃபைல்ல இருக்கும். அதுக்கு மேல என் கையில இல்ல" என்று அனுப்பிவிட்டார். பலகையில் பெயரை மட்டும் அழித்துவிட்டேன். வேறு பெயர் இன்னும் வைக்கவில்லை.

அத்தானிடம் சொல்வதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். அறிவுரை சொல்லக் கூடாது என்பது எங்கள் சட்டம். நீ எது செய்தாலும் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை எழுந்து ஓட மாட்டேன்.

உன் தம்பி.


ஜூன் 19

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பின்கட்டில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தச் சொன்னேன். எதிரே உட்காரவில்லை, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பேச்சுத் துணைக்கு அனுப்பியதைச் சொன்னேன். உன் கடைசி ரெண்டு கடிதத்தையும் படித்துக் காட்டினேன்.

கடைசி வரி வரைக்கும் கேட்டார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தூசியைத் துடைத்தார். "டாக்டர் எங்கிட்டதான்டி முதல்ல சொன்னாரு. மயக்கம் தெளிஞ்ச அன்னைக்கே. நீ தாங்க மாட்டேன்னு நான் உங்கிட்ட சொல்லல" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டைல்ஸை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். மூன்று வருஷம்! ஒரே வீட்டில், ஒரே ரகசியத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு, ரெண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறோம். "அப்ப தெரிஞ்சேவா கையெழுத்து போட்டீங்க?" என்று கேட்டேன். "தெரியாம போடறதுக்கு நான் என்ன சின்னக் குழந்தையா? ஓடுனவன் இப்ப ஒரு இடத்துல உக்காரறேங்கிறான். உக்காரட்டும்னு போட்டேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஒத்தக் கால்ல நிக்க வேண்டியவன் நானு. நீ எதுக்குடி அஞ்சு மாசமா நிக்கிற?" என்றாரே பார்க்கலாம். சிரித்துவிட்டேன். சத்தமாக. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அவர் மன்னித்தது அவர் மன்னித்தது. நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. நாலு தாளில் அடங்காது. அதனால் இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். படிவம் என் கைப்பையில் இருக்கும். புடவைக்கடியில் இருந்ததில் கொஞ்சம் மடிப்பு விழுந்திருக்கிறது, சூப்பிரண்டு ஐயா பொறுத்துக்கொள்ளட்டும். பலகையில் பழைய பெயரையே எழுது. அந்தச் சொல் என்னுடையது, அழிக்க உனக்கு உரிமை இல்லை.

இந்த உறையில் ஒரு பொத்தான் இருக்கிறது. கம்பெனிப் பொத்தான் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் அத்தான் சட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பழக்க தோஷம், தூக்கிப் போடுவதற்கு முன்னால் பொத்தானையெல்லாம் அறுத்து எடுத்து வைத்தேன். ஆறில் இது ஒன்று. வெந்நீரில் கழுவியிருக்கிறேன். முத்திரை ஐயா, இதைத் தயவுசெய்து எடுத்துவிடாமல் அவனிடம் கொடுங்கள்.

சனிக்கிழமை அதை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார். நான் பேசுவேன். "ம்" என்று சொல்லலாம், "அப்புறம்" என்று சொல்லலாம். நான் முடிப்பதற்குள் வேறு ஒரு வார்த்தை பேசினாய், மன்னிப்பு கின்னிப்பு என்று வாயைத் திறந்தாய் என்றால், படிவத்தோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

விழுங்கித் தொலைக்காதே. அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அக்கா.